பிளஸ் டூ உயிரியலுக்கு மரபியல் புராஜெக்ட்: பிள்ளைகள் கேட்பதும் நான் சொல்வதும்

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். மரபியல் பாடம் முடிந்த கையோடு பிள்ளைகள் ஒவ்வொருவராக ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள். "மிஸ், புராஜெக்டுக்கு ஒரு டாபிக் சொல்லுங்க." கேள்விகள் வருடா வருடம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தத் தலைப்பு எடுத்தால் நல்ல மார்க் வரும்?

தலைப்புக்கு மார்க் கிடையாது. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறைத் தேர்வின் 30 மதிப்பெண்ணில் புராஜெக்ட் அறிக்கைக்கும் அதையொட்டிய வைவாவுக்கும் சேர்த்து 5. அந்த ஐந்தும் நீங்களே செய்தீர்களா, செய்ததைப் புரிந்துகொண்டீர்களா என்பதற்குத்தான்.

என்னிடம் வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எதை எண்ணப் போகிறாய்?" குளோனிங், கிரிஸ்பர், புற்றுநோயும் மரபணுவும் என்று பெரிய தலைப்போடு வருபவர்கள் இங்கே விழிப்பார்கள். "எங்க தெருவுல கழுத்துல இறகே இல்லாத கோழி நிறைய இருக்கு மிஸ்" என்று வருபவனுக்குப் பதில் கையிலேயே இருக்கும்.

மரபியலுக்கு அடித்தளம் போட்ட துறவி மெண்டலை மெண்டலாக்கியதும் இந்த எண்ணிக்கைதான். அவருக்கு முன்பே இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் போன்றவர்கள் பட்டாணியைக் கலப்பினம் செய்து பார்த்தார்கள். மாறி மாறி வரும் பண்புகளைக் கவனிக்கவும் செய்தார்கள். ஆனால் எண்ணவில்லை. பிர்னோ மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை மெண்டல் உட்கார்ந்து எண்ணினார். பூ நிறத்துக்கு மட்டும் இரண்டாம் தலைமுறையில் 705 ஊதா, 224 வெள்ளை. இந்த இரண்டு எண்களும் கீழே மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மாகோலில் டிஎன்ஏ மாடல் செய்தால் போதாதா?

கண்காட்சிக்குப் போதும். அதில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் புராஜெக்டுக்குப் போதாது. நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கையும் அப்படித்தான். எக்ஸ்டர்னலாக, அதாவது வேறு பள்ளியிலிருந்து தேர்வு நடத்த வருபவர் ஒரே தலைப்பில் ஒரே எழுத்துப்பிழையோடு நான்கு அறிக்கைகளைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் மேஜைக்கு வருவார்.

எவ்வளவு நாள் வேண்டும்?

கையில் உள்ள நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டு வாரம்தான் என்றால் வகுப்பில் கணக்கெடுப்பு, அல்லது கணினியில் புரத வரிசை ஒப்பீடு. மூன்று வாரம் என்றால் வெங்காய வேர். இரண்டு மாதம் இருந்தால் கோழிக்குஞ்சு, பழ ஈ. ஜூனிலேயே யோசித்துவிட்டீர்கள் என்றால் அந்திமந்தாரை. டிசம்பர் கடைசியில் வந்து "மிஸ், செடி வளர்க்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாக்கைக் குழல்போல் மடிப்பது, ஒட்டிய காது மடல் என்று வகுப்பில் கணக்கெடுக்கலாமா?

கணக்கெடுக்கலாம். "மடிக்க முடிவது ஓங்கு பண்பு, முடியாதது ஒடுங்கு பண்பு" என்று முடிவு எழுதாதீர்கள். அது தவறு. (ஒரு நகல் இருந்தாலே வெளியே தெரிவது ஓங்கு பண்பு, இரண்டு நகலும் இருந்தால்தான் தெரிவது ஒடுங்கு பண்பு.)

நாக்கு மடிப்பை ஒற்றை மரபணுப் பண்பாக 1940-இல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட். குரோமோசோமில் மரபணுக்களின் வரிசையை முதன்முதலில் வரைந்த அதே ஆள், சாமானியர் அல்ல. 1952-இல் ஒருவர் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களை எடுத்துப் பார்த்தார். 33 ஜோடிகளில் 7 ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு மடிந்தது, மற்றவருக்கு மடியவில்லை. ஒரே மரபணு, வேறு விளைவு. ஸ்டர்டெவன்டே பிற்பாடு அதை ஒப்புக்கொண்டார். பாடப் புத்தகங்களும் இணையமும்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காது மடல் கதை இன்னும் மோசம்: 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, அதில் பங்கு உள்ள 49 மரபணு இடங்களைக் காட்டியது. ஒட்டியது, ஒட்டாதது என்று இரண்டே வகையாகப் பிரிக்க முயன்றாலே பாதிக் காதுகள் நடுவில் மாட்டிக்கொள்ளும். வகுப்பில் நாற்பது பேரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதையே நல்ல புராஜெக்டாக மாற்ற வழி இருக்கிறது. "பரவலாகச் சொல்லப்படுவது சரியா?" என்பதையே கேள்வியாக வையுங்கள். தோழர்களின் வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என மூவரின் நாக்கையும் பாருங்கள். ஒடுங்கு பண்பு என்றால், மடிக்க முடியாத இரண்டு பெற்றோருக்கு மடிக்கத் தெரிந்த பிள்ளை பிறக்கக் கூடாது. அப்படி ஒரு வீடு கிடைத்தாலே உங்கள் கையில் ஒரு வாதம் இருக்கிறது. அப்புறம், முடியாதவர்களை ஒரு வாரம் கண்ணாடி முன் பழகச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். சிலர் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அந்த அட்டவணைதான் அறிக்கையின் உயிர்.

கசப்புத் தெரியும் தாள் ஒன்று இருக்கிறதாமே?

பிடிசி தாள். 1931-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் ஒரு தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அங்கே தொடங்கிய கதை 2003-இல் டாஸ்2ஆர்38 என்ற மரபணுவில் வந்து நின்றது. இங்கே ஒரு மரபணுவின் பங்கு உண்மையிலேயே பெரிது. ஆனாலும் "லேசாகக் கசக்கிறது" என்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தனிக் கட்டம் வையுங்கள், எந்தப் பக்கமும் தள்ளிவிடாதீர்கள்.

பிடிசி நச்சுப்பொருள். தாளில் இருப்பது மிக மிகக் குறைவு என்றாலும், தூளாக வாங்கி நீங்களே தயாரிக்க வேண்டாம். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தயார்த் தாளாகவே கிடைக்கும். ஆசிரியர் முன்னிலையில், வீட்டு அனுமதியோடு செய்யுங்கள். எதுவும் தடவாத தாளையும் முதலில் நாக்கில் வைக்கக் கொடுங்கள். வெறும் தாளே கசக்கிறது என்று சத்தியம் செய்யும் ஒருவராவது வகுப்பில் இருப்பார்.

எல்லோருக்கும் வரும் அடுத்த யோசனை: கசப்புத் தெரிபவர்களுக்குப் பாகற்காய் பிடிக்காதா? பாகற்காயின் கசப்பு வேறு வகை வேதிப்பொருளால் வருவது. பிடிசிக்கு உறவான பொருள்கள் இருப்பது முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு குடும்பத்தில். முட்டைக்கோஸ் பொரியலைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குபவர்களுக்கும் இந்தத் தாளுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால் அது நல்ல கேள்வி.

உங்களுக்குப் பிடித்த புராஜெக்ட் எது?

வெங்காய வேர். இதில் சந்தேகமே இல்லை.

சமையலறையிலிருந்து ஒரு வெங்காயம், சின்னதோ பெரியதோ எதுவானாலும் சரி, இரண்டிலும் குரோமோசோம் 16 தான். காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி டம்ளரின் மேல் உட்கார வையுங்கள். மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர் இறங்கும். காலையில் நுனியை ஒரு சென்டிமீட்டர் நறுக்கி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்த கரைசலில் ஒருநாள் போட்டு வைக்க வேண்டும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடு, அசிட்டோகார்மைன் சாயம், ஸ்லைடில் வைத்து மேலே உறிஞ்சுதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக ஒரு அழுத்து. விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல் எல்லாம் சுருண்டுவிடும். என் மாணவி ஒருத்தி பதினொரு ஸ்லைடை அப்படிக் கெடுத்துவிட்டுப் பன்னிரண்டாவதில் அனாஃபேஸை, அதாவது குரோமோசோம்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து போகும் கட்டத்தைப் பார்த்தாள். லேபே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

இதுவரை சொன்னது பாடத்திட்டத்திலேயே உள்ள செய்முறை. புராஜெக்ட் இதற்கு மேல்தான் தொடங்குகிறது. ஒரு வெங்காயம் சாதாரணத் தண்ணீரில், இன்னொன்று நீங்கள் சந்தேகப்படும் தண்ணீரில். ஒவ்வொன்றிலும் 500 செல்களாவது எண்ணி, அதில் பிரிந்துகொண்டிருப்பவை எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். அதுதான் மைட்டாசிஸ் குறியீடு. ஏரித் தண்ணீர், சாயப்பட்டறை ஓரத்துக் கிணற்றுத் தண்ணீர் என்று எதையும் சோதிக்கலாம். நொய்யல் கரைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைக்குமா? தண்ணீரை எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காபியை வைத்தும் செய்யலாம். இரண்டு செல்களுக்கு நடுவே சுவர் எழும்புவதைக் கஃபீன் தடுக்கும். அதனால் ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் தங்கிவிடும். டிகாக்‌ஷனை வெவ்வேறு அளவில் நீர்க்கச் செய்து, இரட்டை உட்கரு செல்கள் எந்த அளவில் கூடுகின்றன என்று எண்ணலாம். டிகாக்‌ஷனில் கஃபீன் தவிர வேறு பலவும் இருக்கின்றன என்பதை அறிக்கையில் மறக்காமல் எழுதுங்கள்.

வெங்காய வேரை இப்படிச் சோதனைக்களமாக 1938-இல் பயன்படுத்தியவர் சுவீடனின் ஆல்பர்ட் லெவான். அவர் சோதித்த பொருள் கோல்ச்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே பொருள்தான். உடனே செங்காந்தள் கிழங்கைத் தேடிப் போய்விடாதீர்கள். உயிரைக் குடிக்கும் விஷம் அது, பள்ளி லேபில் அதற்கு இடமில்லை.

பப்பாளியிலிருந்து டிஎன்ஏ எடுப்பது புராஜெக்ட் ஆகுமா?

அது ஒரு மதியத்தில் முடியும் செய்முறை. பாத்திரம் கழுவும் திரவம், உப்பு, குளிரவைத்த ஆல்கஹால் இருந்தால் முடிந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: பழங்களில் மேலே மிதந்து வரும் அந்த வெள்ளைப் பஞ்சு முழுக்க டிஎன்ஏ அல்ல. பழத்தில் உள்ள பெக்டினும் ஆல்கஹாலில் அதே மாதிரிதான் திரண்டு வரும். "பப்பாளியில் டிஎன்ஏ அதிகம், பசலைக்கீரையில் குறைவு" என்று எடை போட்டு முடிவு எழுதுபவர்கள் ஜாம் செய்ய உதவும் பொருளை எடை போட்டிருக்கிறார்கள். செய்துதான் ஆக வேண்டும் என்றால் பச்சைப் பட்டாணியையே எடுத்துக்கொண்டு, உப்பின் அளவை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

வீட்டில் கோழி வளர்க்கிறோம். அதை வைத்து ஏதாவது?

கொடுத்துவைத்தவர் நீங்கள். கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் கோழியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் ஒரே மரபணு. அதுவும் அரைகுறை ஓங்குத்தன்மை கொண்டது என்பதால், கோழியைப் பார்த்தே உள்ளே இருக்கும் மரபணு ஜோடியைச் சொல்லிவிடலாம். இரண்டு நகலும் இருந்தால் கழுத்து கிட்டத்தட்ட மொட்டை. ஒரு நகல் மட்டும் என்றால் கழுத்தின் முன்பக்கம் கீழே ஒரு கொத்து இறகு தொங்கும். ஊரில் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், மரபியலில் அவை இரண்டு வகை.

கொத்து உள்ள சேவலைச் சாதாரணக் கழுத்துள்ள பெட்டையோடு விட்டால், குஞ்சுகள் பாதிக்குப் பாதி வர வேண்டும். அடைவைத்து 21 நாளில் குஞ்சு, பொரித்த அன்றே கழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு சங்கடம் உண்டு: பெட்டைக்கோழி விந்தணுவை இரண்டு மூன்று வாரம் உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும். போன வாரம் பக்கத்து வீட்டுச் சேவலோடு சுற்றியது என்றால் உங்கள் கணக்கு கோவிந்தா. ஆகவே பெட்டையை மூன்று வாரம் தனிக் கூண்டில் அடைத்துவிட்டுப் பிறகு சேவலை விடுங்கள்.

எத்தனை எண்ணினால் போதும்?

ஒரு அடைக்குப் பத்துக் குஞ்சு பொரித்தது, 3 கழுத்தறுத்தான், 7 சாதாரணம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்த்தது 5, 5. வந்த எண் எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனையில் ஒவ்வொரு வகைக்கும் வித்தியாசத்தை வர்க்கமாக்கி எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இங்கே 4/5 + 4/5 = 1.6. இரண்டே வகை இருக்கும்போது வழக்கமான எல்லை 3.84. அதற்குக் கீழே இருப்பதால், 3-க்கு 7 என்பது வெறும் தற்செயலாகவே வரக்கூடியது. அதே விகிதம் நூறு குஞ்சில், 30-க்கு 70 என்று வந்திருந்தால்? 400/50 + 400/50 = 16. இப்போது எங்கோ தவறு இருக்கிறது, பக்கத்து வீட்டுச் சேவலைச் சந்தேகப்படலாம்.

மெண்டலின் 705, 224-ஐ, மூன்று ஊதாவுக்கு ஒரு வெள்ளை என்ற 3:1 விகிதத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். 0.39 வரும். எந்த வகையிலும் எதிர்பார்க்கும் எண் ஐந்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் இந்தச் சோதனையை நம்பலாம். முடிந்தால் இரண்டு மூன்று வீட்டுக் கோழிகளின் குஞ்சுகளைச் சேர்த்து எண்ணுங்கள்.

அந்திமந்தாரைக்கு ஏன் ஜூனிலேயே தொடங்க வேண்டும்?

விதைத்துப் பூக்கவே சுமார் இரண்டு மாதம் ஆகும். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பு, அதன் பிள்ளைகள் 1:2:1 என்பது பாடத்தில் உள்ளது. பாடத்தில் இல்லாதது: ஒரு பூவுக்கு ஒரே ஒரு விதை. மிளகு மாதிரி கறுப்பாக இருக்கும். அறுபது கலப்பு விதை வேண்டுமென்றால், பூ விரியும் முன் மதியத்தில் மகரந்தப்பையை நீக்கிச் சாயங்காலம் மகரந்தம் தடவும் வேலையை அறுபது முறை செய்ய வேண்டும். குறுக்குவழியும் உண்டு. இளஞ்சிவப்புச் செடி ஏற்கெனவே எங்காவது இருந்தால், அது தன்மகரந்தச் சேர்க்கையில் தரும் விதைகளைப் பொறுக்கி விதையுங்கள். ஒரு தலைமுறை மிச்சம். கோடு போட்ட, இருநிறப் பூ உள்ள செடியைத் தொடாதீர்கள். அழகாக இருக்கும், கணக்குக்கு ஒத்துவராது.

எங்கள் வீட்டு ரத்த வகையை வைத்துக் குடும்ப வரைபடம் போடலாமா?

போடலாம், ஆனால் யோசித்துப் போடுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன் வீட்டு வரைபடத்தோடு வந்தாள். அப்பா ஓ, அம்மா ஓ, இவள் ஏ. பாடப்படி அது நடக்காது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மறுபடி சோதித்ததில், பழைய முகாம் ஒன்றில் அப்பாவுக்குக் கொடுத்த அட்டையே தவறு என்று தெரிந்தது. அட்டை சரியாக இருந்திருந்தாலும் இன்னொரு விளக்கம் உண்டு. 1952-இல் மும்பையில் பெண்டே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் கண்டறிந்த பாம்பே ரத்த வகை. ஏ மரபணு இருந்தும், அதற்கு அடித்தளமான எச் பொருள் இல்லாததால் சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும். இதையெல்லாம் அன்று சொல்லித்தான் அவளைத் தேற்றினேன். அதிலிருந்து, ரத்த வகைப் புராஜெக்டில் பெயர் எழுதக் கூடாது, தத்து, மறுமணம் உள்ள வீடுகளை யாரும் துருவக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தெரிந்த வகையைக் கேட்டு எழுதினால் போதும்.

சொந்தத்தில் திருமணம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நம் ஊருக்கு உண்மையிலேயே பொருந்தும் தலைப்பு. ஆனால் வீடு வீடாகப் போய் "உங்கள் பிள்ளைக்குக் குறை உண்டா?" என்று கேட்கும் புராஜெக்டை நான் அனுமதிப்பதில்லை. காகிதத்தில் கணக்குப் போடுங்கள். ஒரு மூதாதையரிடமிருந்து வந்த ஒரே மரபணு நகல், அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வந்து பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு, மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டினால் 1/16, தாய்மாமனைக் கட்டினால் 1/8. இந்த இரண்டு எண்ணும் எப்படி வருகின்றன என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினாலே அறிக்கை கனமாகிவிடும்.

சொந்தக் குடும்பமே வேண்டாம் என்றால் விக்டோரியா மகாராணியின் குடும்பத்தை எடுங்கள். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய் எந்தப் பேரனுக்குப் போனது என்பதெல்லாம் ஊரறிந்த வரலாறு. ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளைச் சோதித்து, அது பி வகை ஹீமோஃபிலியா என்று 2009-இல் உறுதிசெய்தார்கள்.

லேப் இல்லை, மைக்ரோஸ்கோப் இல்லை. கைபேசி மட்டும்தான் இருக்கிறது.

என்சிபிஐ என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் பல்லாயிரம் உயிரினங்களின் மரபணு வரிசைகள் இலவசமாகக் கிடக்கின்றன. அதிலேயே பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டுக் கருவியும் உண்டு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை எடுங்கள், 146 அமினோ அமிலம். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் வித்தியாசம் பூஜ்யம், கொரில்லாவுக்கு ஒன்று. குரங்கு, மாடு, கோழி, தவளை என்று நீங்களே தொடர்ந்து எண்ணி ஒரு உறவு மரம் வரையலாம்.

அதே சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்தால் அரிவாள் செல் சோகை. நீலகிரிப் பழங்குடியினரிடம் இது இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இல் எழுதினார்கள். இந்தியாவில் இதை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 2023-இல் தொடங்கியது. ஒரே எழுத்து மாறியதற்கு இத்தனை பெரிய கதை. கைபேசித் திரையில் அந்த ஆறாவது இடத்தைத் தேடிப் பிடிக்கும்போது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசுவதில்லை.

பழ ஈ?

ஒரு தலைமுறைக்குச் சுமார் பத்து, பன்னிரண்டு நாள்தான், அருமையான உயிரி. ஆனால் வாழைப்பழம் வைத்துப் பிடிக்கும் ஈக்கள் எல்லாம் சிவப்புக் கண்ணாகவே இருக்கும். அமெரிக்க மரபியலாளர் மார்கன் 1910-இல் பார்த்த வெள்ளைக் கண் ஈ வேண்டுமென்றால் வளர்ப்பு மையத்திடம்தான் கேட்க வேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தேசிய அளவில் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் வழியாக எழுதிக் கேளுங்கள். கிடைத்தால், பெண் ஈயைக் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் கோழிக்குச் சொன்ன அதே சங்கடம்.

எதிர்பார்த்த விகிதம் வரவில்லை என்றால் எண்ணைக் கொஞ்சம் சரிசெய்யலாமா?

வேண்டாம். மெண்டலின் எண்களே நம்ப முடியாத அளவுக்கு அச்சாக இருக்கின்றன என்று 1936-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தச் சர்ச்சை இன்றும் முழுதாக ஓயவில்லை. எட்டு வருடம் தோட்டத்தில் உழைத்தவரையே விடவில்லை, உங்களை விடுவார்களா? வராததை வரவில்லை என்று எழுதி, ஏன் வரவில்லை என்று நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

வைவாவில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் முதல் கேள்வி "ஏன் இந்தத் தலைப்பு?" இரண்டாவது "எத்தனை எண்ணினாய்?" மூன்றாவது கேள்விதான் ஆளை ஆழம் பார்ப்பது: "ஒப்பீட்டுக்கு என்ன வைத்திருந்தாய்?" வெறும் தாள், சாதாரணத் தண்ணீர், தனியாக அடைத்த பெட்டை என்று இதுவரை நான் சொல்லிக்கொண்டே வந்ததெல்லாம் அந்தக் கேள்விக்காகத்தான்.

அழகாக எழுதிய ரெக்கார்டோடு, அன்றன்று கிறுக்கிய ரஃப் நோட்டையும் கொண்டுபோங்கள். பதினொரு ஸ்லைடைக் கெடுத்த அந்தப் பெண்ணின் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அசிட்டோகார்மைன் கறை. எக்ஸ்டர்னல் அதைப் புரட்டிவிட்டு, அச்சடித்த அறிக்கையைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டார்.